கடைசிப் பெட்டிக்காரர்கள்

உலகம் அழிந்த பிறகு நடப்பதாகச் சொல்லும் கதைகள் மீது எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. அவற்றில் குமாஸ்தா இருப்பதில்லை. அணுகுண்டு விழும், அல்லது கொள்ளைநோய் வரும். மறுநாள் காலையிலிருந்து துப்பாக்கி வைத்திருப்பவன் ராஜா. பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் அடித்துக்கொண்டு சாவார்கள். எல்.டி.சி.யாகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்டாக ஓய்வுபெற்ற எனக்கு இது நம்பும்படியாக இல்லை. எந்த இடிபாட்டுக்கு நடுவிலும் யாராவது ஒருவர் உடைந்த மேசையைத் தேடிப் பிடித்துப் போட்டு, "வரிசையா வாங்க, பேரு சொல்லுங்க, எந்தத் தெரு?" என்று ஆரம்பித்துவிடுவார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் உள்ளே வந்து போன பிறகு, எங்கள் அலுவலகத்தில் முதலில் நடந்த வேலை பட்டியல் எடுத்ததுதான். அரிசி பிறகு வந்தது. பட்டியலில் பெயர் இருந்தவருக்கு வந்தது.

நான் படித்தவற்றில் இந்த உண்மையைப் புரிந்துகொண்டு எழுதியது ஒரு பிரெஞ்சுச் சித்திரக்கதை. பெயர் 'லெ திரான்ஸ்பெர்ஸ்நேழ்'. ஆங்கிலத்தில் 'ஸ்னோபியர்ஸர்' என்று சொன்னால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 2013-ல் கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ படமாக எடுத்தார், 2020-ல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. படம் பார்த்தவர்கள் நிறைய. மூலப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் நம் ஊரில் குறைவு என்பதால் அதைப் பற்றி எழுதத் தோன்றியது.

சித்திரக்கதை என்றதும் 'இந்த வயசில் இது எதற்கு' என்று சிரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'பே.தே.' என்பது சிறுபிள்ளைச் சமாச்சாரம் மட்டும் அல்ல. தென்தென், லக்கி லூக் எல்லாம் பிள்ளைகளுக்கு. லயன் காமிக்ஸ் புண்ணியத்தில் லக்கி லூக்கைத் தமிழிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் 1978-ல் காஸ்தெர்மான் பதிப்பகம் 'ஆ சுய்வ்ர்' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கியது. 'தொடரும்' என்று அர்த்தம். நாவலை எப்படி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவார்களோ அப்படி நீளமான கதைகளைப் படங்களில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், பெரியவர்களுக்காக வெளியிட்டார்கள். இந்தக் கதை அதில் 1982-ல் தொடங்கி, 1984-ல் புத்தகமானது. என்னிடம் இருப்பது பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் விட்டுப்போன பிரதி. அட்டை கிழிந்து, பின்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

கதையின் அடிப்படையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். வானிலையைக் குலைக்கும் ஓர் ஆயுதத்தைப் போரில் வெடிக்கிறார்கள். பூமி முழுக்கப் பனி உறைகிறது. வெளியே நின்றால் உயிர் தங்காது. மிஞ்சியவர்கள் எல்லாரும் ஒரே ரயிலில் இருக்கிறார்கள். அது பணக்காரர்களின் உல்லாசப் பயணத்துக்காகக் கட்டிய ரயில். நிற்காமல் ஓடும் எஞ்சின். நின்றால் எல்லாரும் உறைந்துபோவார்கள். முன்பெட்டிகளில் வசதி படைத்தவர்கள், நடுவில் நடுத்தரம், கடைசி நேரத்தில் முண்டியடித்து ஏறியவர்கள் வாலில். அந்த வால்பெட்டிகளுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே கதவு அடைபட்டிருக்கிறது. அங்கிருந்து தப்பி வந்த புரோலோஃப் என்ற ஒருவன் பிடிபடுகிறான். அவனை ராணுவம் முன்பக்கத்துக்கு அழைத்துப் போகிறது. பெட்டி பெட்டியாக நடந்து போவதுதான் கதை.

ரயிலுக்கு 1001 பெட்டிகள். அரேபியக் கதைகளின் எண்ணிக்கையை வேண்டுமென்றேதான் வைத்திருப்பார்கள். எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. நம் ஊர்ப் பெட்டி ஒன்றுக்கு 22 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலே 22 கிலோமீட்டர். எஞ்சின் வில்லியனூரைத் தாண்டி வெகுதூரம் போன பிறகும் வால் புதுச்சேரி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியிருக்காது. இப்படிப்பட்ட ஒரு வண்டியில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் எப்படி வாழ்கிறார் என்று எப்படித் தெரியும்? வதந்தியாகத் தெரியும், அறிக்கையாகத் தெரியும். கதையின் உயிர் இந்த இடத்தில்தான்.

புரோலோஃப் பிடிபட்டதும் அவனை யாரும் சுட்டுத்தள்ளவில்லை. தனிமைப்படுத்துகிறார்கள். விசாரிக்கிறார்கள். மேலிடத்துக்குத் தகவல் போகிறது. மேலிடம் அவனைப் பார்க்க விரும்புகிறது. வழியில் ஒவ்வொரு பிரிவிலும் யாரோ ஒரு பொறுப்பாளர், கடக்க ஒரு அனுமதி. அவனோடு அதெலின் என்ற இளம்பெண்ணும் மாட்டிக்கொள்கிறாள். அவள் வாலில் கிடப்பவர்களுக்கு உதவ வேண்டும் என்று இயங்கும் ஒரு சங்கத்தைச் சேர்ந்தவள். அந்த வால்பகுதிக்குக் கதாசிரியர் வைத்த பெயர் 'தியேர்-கோன்வுவா'. பிரெஞ்சில் மூன்றாம் உலக நாடுகளை 'தியேர்-மோந்து' என்பார்கள், அதை அப்படியே ரயிலுக்கு மாற்றியிருக்கிறார். ஒரே சொல்லில் ஐரோப்பாவின் தர்மசிந்தனை முழுவதையும் கிண்டல் செய்துவிட்டார். ஏழை நாட்டுக்கு உதவச் சங்கம் வைத்திருப்பார்கள், நிதி திரட்டுவார்கள், கதவை மட்டும் திறக்க மாட்டார்கள். எங்கள் பள்ளி நாட்களில் பிரான்சிலிருந்து வந்த பால்பவுடர் டப்பாக்களை நினைத்துக்கொண்டேன். பவுடர் நல்ல பவுடர்தான்.

எழுதியவர் ஜாக் லோப். 1986-ல் அங்குலேம் விழாவின் பெரும்பரிசை வாங்கியவர். அதுவரை ஓவியர்களுக்கே போய்க்கொண்டிருந்த பரிசு, கதை எழுதுகிறவர் கைக்குப் போனது. இந்தக் கதையை அவர் முதலில் அலெக்சி என்ற ஓவியரோடு தொடங்கினார். சில பக்கங்கள் வரைந்த நிலையில் 1977-ல் அலெக்சி இறந்துபோனார். சில வருஷம் கிடப்பில் கிடந்து, பிறகு ழான்-மார்க் ரொஷெத் என்ற இளைஞரிடம் வந்தது.

ரொஷெத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்து கிரெனோபிளில் வளர்ந்தவர். மலை ஏறுவதுதான் வாழ்க்கை என்று இருந்தவர். இருபது வயசு வாக்கில் ஏறும்போது பாறை ஒன்று முகத்தில் விழுந்து, அந்தக் கனவு அதோடு போயிற்று. பல வருஷம் கழித்து, 2018-ல், அந்த இளமைக் கதையை 'எல்ஃப்ருவாத்' என்ற புத்தகமாக வரைந்தார். 3954 மீட்டர் உயரச் சிகரத்தின் பெயர் அது. ஆகவே பனி என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பனியைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்த ஓவியர் அதை அழகாகப் போட்டுவிடுவார். ரொஷெத்தின் பனியில் அழகு கிடையாது. வெளிக்காட்சி வரும்போது பக்கத்தில் வெள்ளை, அதில் இழுத்துவிட்ட கறுப்புக் கோடுபோல ரயில். பார்க்கிற கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. அடுத்த பக்கத்தில் உள்ளே போனதும் இருட்டு. தாழ்ந்த கூரை, ஒடுக்கமான நடைவழி, முகத்துக்கு முகம் இடிக்கிற நெருக்கம். புத்தகம் முழுக்க இப்படித்தான் வெளுப்பும் அடைப்பும் மாறி மாறி வருகின்றன. ஒரு கட்டத்தில் எனக்கு மூச்சு முட்டியதுபோல் இருந்து, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். மே மாதம், அனல் காற்று உள்ளே வந்தது. பரவாயில்லை.

வண்ணம் இருந்திருந்தால் இது கெட்டுப்போயிருக்கும் என்பது என் கட்சி. வண்ணம் வந்தால் முதல் வகுப்புப் பெட்டியின் திரைச்சீலையும் சாப்பாட்டு மேசையும் நம்மை இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் ஆசைகூட வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் முன்பெட்டியும் பின்பெட்டியும் ஒரே மையில் வரைந்தவை. முன்னால் இருப்பவர்கள் தனி உலகத்தில் இல்லை, அதே தகரக் குழாயில்தான் அடைபட்டிருக்கிறார்கள் என்பது சொல்லாமலே தெரிகிறது. நடுவில் ஓர் இறைச்சிப் பெட்டி வருகிறது. வெட்ட வெட்ட வளர்கிற ஒரு பெரிய மாமிசப் பிண்டம், அதற்கு 'மாமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தாய்மாமனை நினைத்துவிடாதீர்கள், பிரெஞ்சில் அது 'அம்மா'! சிவப்பில் போட்டிருந்தால் அருவருப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். எஞ்சினைத் தெய்வமாகக் கும்பிடும் ஒரு கூட்டமும் உண்டு. அவர்களை லோப் ரொம்பக் கேலி செய்யவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிற ஒன்றின் தயவில் உயிர்வாழ்கிறவர்கள் அதைக் கும்பிடாமல் வேறு என்ன செய்வார்கள்?

இனி முடிவைச் சொல்லப்போகிறேன். நாற்பது வருஷப் பழைய கதை, மன்னிப்பீர்கள். வண்டியின் வேகம் குறைந்துவருகிறது. பாரத்தைக் குறைக்க வால்பெட்டிகளைக் கழற்றிவிடுவது பற்றி மேலிடத்தில் பேச்சு. ஆத்திரத்தோடு பேசுபவர் யாருமில்லை. நிதி நெருக்கடியில் ஒரு திட்டத்தை நிறுத்துவதுபோல நிதானமாகப் பேசுகிறார்கள். இதற்கிடையில் பெட்டிகளில் ஒரு நோய் பரவுகிறது, புரோலோஃப் கொண்டுவந்தது என்று சந்தேகம். ஓட்டமும் துரத்தலும். அதெலின் குளிரில் சாகிறாள். புரோலோஃப் எஞ்சின்வரை போய்ச் சேருகிறான். அங்கே இருப்பவர் ஒரு கிழவர், எஞ்சினுக்குத் துணையாகத் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதர். தனக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்கிறார். பின்னால் எல்லாரும் நோயில் செத்துப்போகிறார்கள். எஞ்சினோடு அவன் மட்டும் மிச்சம்.

இங்கேதான் நான் படத்தோடு பிணங்குகிறேன். போங் ஜூன்-ஹோ பெரிய கலைஞர், சந்தேகமில்லை. சியோலில் ஒரு சித்திரக்கதைக் கடையில் நின்றபடியே தொகுதிகளைப் படித்து முடித்தாராம். படித்தவர் மூலத்தை விட்டு விலகித் தன் படத்தை எடுத்தார், அது அவர் உரிமை. படத்தில் வால்பெட்டி மக்கள் ஒரு தலைவன் பின்னால் புரட்சி செய்கிறார்கள். எதிரில் ஒரு வில்லன், ரயிலின் சொந்தக்காரன், வில்போர்ட். கடைசியில் வண்டி கவிழ்ந்து, இரண்டு பேர் பனியில் இறங்கி நடக்கிறார்கள், தூரத்தில் ஒரு பனிக்கரடி. நம்பிக்கையோடு வீட்டுக்குப் போகலாம்.

லோப்பின் புத்தகத்தில் கவிழ்க்கத் தக்க வில்லன் என்று யாரும் இல்லை. தளபதி உண்டு, அதிபர் உண்டு. ஆனால் அவர்களை எடுத்துவிட்டு வேறு இருவரை உட்காரவைத்தாலும் அதே பேச்சுத்தான் நடக்கும் என்று படிக்கிறவருக்குத் தெரிகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் தன் வேலையைச் செய்கிறார். காவலர் காவல் காக்கிறார், மருத்துவர் தனிமைப்படுத்துகிறார், அதிகாரி அடுத்த அதிகாரிக்கு அனுப்புகிறார். தனக்குத் தரப்பட்ட பகுதியை எல்லாரும் ஒழுங்காகச் செய்வதால் கடைசிப் பெட்டியின் கதவு அடைபட்டே இருக்கிறது. இதைத் துப்பாக்கிக்காரர்கள் எழுதிய கதைகளில் பார்க்க முடியாது. எர்மான் வரைந்த 'ழெரெமியா' தொடர் எனக்குப் பிடித்ததுதான். 1979-லிருந்து வந்தது. அழிந்த அமெரிக்காவில் இரண்டு நண்பர்கள் ஊர் ஊராகத் திரிவார்கள். அந்த மனிதருடைய குதிரையையும் மழையையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு ஊரிலும் ஒரு கெட்டவன், அவனை ஒழித்தால் கதை முடிந்தது. என் அனுபவத்தில் கெட்டவனை மாற்றல் செய்த பிறகும் கோப்பு அதே மேசையில்தான் கிடந்தது.

2020 ஊரடங்கில் மறுபடி எடுத்துப் படித்தேன். கடலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆகியிருந்த சமயம். முதல் படிப்பில் வேகமாகத் தாண்டிப்போன தனிமைப்படுத்தும் பக்கங்களில் அப்போது நெடுநேரம் நின்றேன். நோய்க்கு அஞ்சிக் கதவடைப்பது தவறென்று சொல்ல மாட்டேன். லோப்பும் சொல்லவில்லை, கதையில் நோய் நிஜம். ஆனால் கதவடைக்கும்போது யாரை எந்தப் பக்கம் நிறுத்துகிறோம் என்பதை வகுப்பே முடிவுசெய்கிறது. அந்தப் பக்கங்கள் காட்டுவது அதைத்தான். பிரான்சில் ரயிலின் மூன்றாம் வகுப்பை 1956-ல் எடுத்தார்கள், நம் நாட்டில் 1974-ல். பெயரை எடுத்தார்கள். மூன்றாம் வகுப்பில் போன நாங்கள் இரண்டாம் வகுப்பு என்று எழுதிய அதே மரப்பலகையில் உட்கார்ந்து விழுப்புரம் போனோம்.

குறையே இல்லாத புத்தகம் என்று சொல்லவில்லை. அதெலினுக்கு லோப் சரியான வேலை கொடுக்கவில்லை. சங்கத்துப் பெண்ணாக வாதாடிக்கொண்டு அறிமுகமாகிறாள், பாதியிலேயே புரோலோஃபின் காதலியாகச் சுருங்கிவிடுகிறாள். முதல் வகுப்புக்காரர்களின் கூத்தும் கும்மாளமும் மலிவான காட்சிகள். பணக்காரன் என்றால் குடித்துக் கிடப்பான் என்று காட்டுவது சுலபம். வசதியான நல்ல மனிதர்கள் சாப்பிட்டுவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பதாகக் காட்டியிருந்தால் இன்னும் உறைத்திருக்கும். புரோலோஃப் கதாநாயகனா என்று என் நண்பர் ஒருவர் கோபமாகக் கேட்டார். "தன் ஜனங்களை விட்டுட்டு ஓடி வந்தவன்தானே சார்?" ஆமாம். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வந்தான். அவனைத் தியாகியாக்காமல் விட்டது எனக்குச் சரியாகவே படுகிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் எல்லாரும் உத்தமர்களாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அரிசி வாங்க நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கலாமா?

லோப் 1990-ல் காலமானார். 1999-லும் 2000-லும் பென்ழமேன் லெகிரான் எழுத, ரொஷெத்தே வரைந்து இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. இரண்டாவதாக ஒரு ரயில், முதல் ரயிலோடு மோதிவிடுவோம் என்ற பயத்திலேயே வாழும் ஜனங்கள். அந்தப் பயத்தை வைத்து ஆளுகிறவர்கள் ஆளுகிறார்கள். கற்பனை உல்லாசப் பயணத்துக்கு லாட்டரிகூட உண்டு. யோசனை நல்ல யோசனை, கதைதான் அங்கங்கே தள்ளாடுகிறது. ஓவியம் நேர்மாறு. ரொஷெத்தின் கை இதற்குள் முற்றிலும் மாறிவிட்டது. பேனாக்கோட்டின் கறார் போய், தூரிகை அவசரமாக ஓடுகிறது, சாம்பல் நிறம் கசிகிறது, முகங்கள் பாதி கரைந்து நிற்கின்றன. தனித்தனி ஓவியமாகச் சுவரில் மாட்டலாம். ஆனால் முதல் புத்தகத்தின் கறாரான கோடு சொன்ன செய்தி அதில் இல்லை. ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு பூட்டும் தெளிவாகத் தெரிந்தால்தானே கதவு அடைத்திருப்பது உறைக்கும்? 2015-ல் ஒலிவியே பொக்கே எழுத 'தெர்மினுஸ்' வந்தது, பிறகு உலகம் அழிவதற்கு முந்தைய கதையும் வந்தது. எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. முதல் புத்தகம் போதும், ஆசைப்பட்டால் இரண்டாவது.

ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, பிரெஞ்சு தெரியாதவர்கள் அதில் படிக்கலாம். தமிழில் யாராவது செய்தால் சந்தோஷப்படுவேன், என் பிரதியைக்கூடத் தருகிறேன். 'தியேர்-கோன்வுவா'வுக்குச் சிரமம் இருக்காது, மூன்றாம் உலகம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது. தலைப்புதான் இடக்கு. பனியைத் துளைத்துப் போவது என்பது மேல்பொருள். ஆனால் 'பெர்ஸ்-நேழ்' என்று பிரெஞ்சில் ஒரு பூவும் இருக்கிறது. குளிர்காலம் முடியப்போகும் நாட்களில், பனி முழுக்கக் கரையும் முன்பே அதைத் துளைத்துக்கொண்டு தலைகாட்டும் சின்ன வெள்ளைப் பூ. பிரெஞ்சுப் பிள்ளைகள் அதைப் பார்த்தால் வசந்தம் வருகிறது என்று தெரிந்துகொள்வார்கள். வசந்தமே வராத உலகத்தில் ஓடும் வண்டியின் பெயருக்குள் அந்தப் பூவை லோப் ஒளித்துவைத்திருக்கிறார். பனியையே காணாத நம் ஊரில் அதற்கு ஒரு பெயர் எங்கே போய்த் தேடுவது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கொன்றை, முருங்கை, தும்பை எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று, ஒன்றும் ஒட்டவில்லை.